சார், எந்த விண்டோஸ் போடலாம்? - போய்த் திரும்பிய கணினிகளின் கதை

கொஞ்சம் நீளமான பதிவு. சாவகாசமாகப் படியுங்கள்.

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்குக் கொடுத்துவந்த வழக்கமான பாதுகாப்பு ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. அதன்பிறகு மல்லாங்கிணறு கடைத்தெருவில் பார்க்கிற பழைய மாணவர்கள் பலரும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "சார், 11க்கு மாறணுமா? 10லயே இருக்கலாமா? இல்ல, பழைய 7க்கே போயிரலாமா?"

கணினி ஆசிரியரை விட்டுவிட்டு, வரலாறு நடத்திய என்னிடம் ஏன் கேட்கிறார்கள்? பள்ளிக்கூடத்தில் வினாத்தாள் தட்டச்சு செய்த நாளிலிருந்து இந்தப் பெட்டியோடு மல்லுக்கட்டியவன் என்று அவர்களுக்குத் தெரியும். ஆனால் வரலாற்று வாத்தியாரிடம் கேட்டால் பதிலும் வரலாறாகத்தான் வரும்.

கடந்த 25 ஆண்டுகளில் புதிய விண்டோஸுக்குப் போனவர்கள் பழையதற்குத் திரும்பியிருக்கிறார்கள். விண்டோஸிலிருந்து லினக்ஸுக்குப் போனவர்களும் திரும்பியிருக்கிறார்கள். திரும்பியவர்களைச் சோம்பேறிகள், புதியதைக் கற்கப் பயந்தவர்கள் என்று பேசுவது எளிது. நான் பார்த்தவரை காரணம் அதுவல்ல. எழுத்து, அச்சு, தேர்வு: இந்த மூன்றில் ஏதாவது ஒன்று பழைய இடத்தில் மாட்டிக்கொண்டிருக்கும். ஆள் போய்விடலாம், அது கூட வராது.

முதலில் எழுத்தைப் பார்ப்போம்.

1990களில் தமிழ் எழுத்துரு செய்த ஒவ்வொருவரும் தனித்தனிக் குறியேற்றம் வைத்திருந்தார்கள். ஆங்கில எழுத்துக்கு உரிய இடத்தில் தமிழ் எழுத்தின் படத்தை உட்கார வைப்பதுதான் அன்றைய உபாயம். பாமினி எழுத்துருவில் "தமிழ்" என்று அடித்த கோப்பை, பாமினி இல்லாத கணினியில் திறந்தால் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று வரிசையாக நிற்கும். கணினியைப் பொறுத்தவரை அந்தக் கோப்பில் தமிழே கிடையாது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்இணையம் 99 மாநாட்டுக்குப் பிறகு டாம், டாப் என்று இரண்டு குறியேற்றங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் தமிழக அரசு தரப்படுத்தியது. அப்படியும் கடைக்குக் கடை எழுத்துரு வேறாகத்தான் இருந்தது.

யூனிகோடு என்ற உலகப் பொதுக் குறியேற்றத்தில் தமிழுக்கு 1991லேயே இடம் கிடைத்துவிட்டது. விண்டோஸில் அது முறையாக வந்தது விண்டோஸ் 2000 பதிப்பில், லதா எழுத்துருவோடு. 2001 அக்டோபரில் எக்ஸ்பி வந்தது. ஆரம்பத்தில் எக்ஸ்பியிலும் யூனிகோடு தமிழ் தானாக வேலை செய்யாது. கண்ட்ரோல் பேனலுக்குள் போய், சிக்கலான எழுத்து முறைகளுக்கான கோப்புகளை நிறுவும் பெட்டியில் டிக் அடித்து, நிறுவல் சி.டி.யைப் போட வேண்டும். எத்தனை பேரிடம் அந்த சி.டி. இருந்தது? அதனால் விண்டோஸ் 98லிருந்து எக்ஸ்பிக்கு மாறியவர்களும் பழைய எழுத்துருவையே தூக்கிக்கொண்டு வந்தார்கள். வீடு மாறும்போது பழைய பீரோவையும் ஏற்றிக்கொண்டு போகிற மாதிரி.

அடுத்தது அச்சு. இங்கே சிவகாசிக்கு வர வேண்டும். வெளியூர்க்காரர்களுக்குச் சிவகாசி என்றால் பட்டாசு. எங்களுக்கு அது அச்சகமும்தான். தீப்பெட்டிக்கும் பட்டாசுப் பெட்டிக்கும் லேபிள் அடிக்கத் தொடங்கி, காலண்டர், டைரி, நோட்டுப் புத்தகம் என்று வளர்ந்த தொழில். ஆடி 18 அன்று அடுத்த ஆண்டுக் காலண்டர் ஆல்பத்தை வெளியிடுவார்கள். அதிலிருந்து மார்கழி வரை வடிவமைப்பாளருக்குத் தலை நிமிர நேரமிருக்காது.

தமிழ்நாட்டு டி.டி.பி. கடைகளை ஆண்டது பேஜ்மேக்கர். அதன் கடைசிப் பெரிய பதிப்பான 7.0 வந்தது 2001ல். பிறகு அடோபி இன்டிசைன் பக்கம் போய்விட்டது. எக்ஸ்பிக்குப் பின் வந்த விண்டோஸ்களுக்கென்று பேஜ்மேக்கரை யாரும் புதுப்பிக்கவில்லை. அதைவிட முக்கியம், பேஜ்மேக்கருக்கு யூனிகோடு தெரியாது. அதில் தமிழ் வர வேண்டுமென்றால் பழைய எழுத்துருதான் ஒரே வழி. இன்டிசைனில் இந்திய மொழிகளை ஒழுங்காகக் கோக்கும் வசதி 2012ல் வந்த சி.எஸ்.6 பதிப்போடுதான் கிடைத்தது. இடைப்பட்ட பத்துப் பதினோரு ஆண்டுகளில் ஒரு தமிழ் வடிவமைப்பாளர் எங்கே போவார்? எக்ஸ்பியிலேயே இருந்தார்.

ஒரு சிவகாசி அச்சகத்தில் நானே பார்த்திருக்கிறேன். வரவேற்பறையில் புத்தம் புதிய கணினி, உள்ளறையில் தூசி படிந்த எக்ஸ்பி கணினி. "அண்ணாச்சி, இதை ஏன் இன்னும் மாத்தல?" என்று கேட்டேன். "சார், பத்து வருசத்துக் கல்யாணப் பத்திரிகையும் காலண்டரும் இதுக்குள்ளதான் இருக்கு. புதுசுல தொறந்தா எழுத்து ஒடையுது. சீசன் நேரத்துல நான் பிளேட் போடுவேனா, எழுத்தைத் தேடிக்கிட்டு இருப்பேனா?" என்றார். அதற்கு என்னிடம் மறுபேச்சு இல்லை.

2007 ஜனவரியில் விஸ்டா வந்தபோது உலகம் முழுக்கவே இப்படித் திரும்பினார்கள். பழைய கணினியில் அது தவழ்ந்தது. பல பழைய பிரிண்டர்களுக்கும் ஸ்கேனர்களுக்கும் டிரைவர் கிடைக்கவில்லை. விஸ்டாவின் வணிகப் பதிப்பை வாங்கியவர்கள் எக்ஸ்பிக்கு இறங்கிக்கொள்ள மைக்ரோசாஃப்டே உரிமை கொடுத்தது. காசு கொடுத்துப் புதியதை வாங்கிவிட்டுப் பழையதைப் போட்டுக்கொள்ளும் உரிமை! சிறிய நெட்புக் கணினிகளில் 2010 வரை எக்ஸ்பியையே விற்றார்கள். 2009 அக்டோபரில் விண்டோஸ் 7 வந்த பிறகுதான் கூட்டம் நகர ஆரம்பித்தது. 2012ல் விண்டோஸ் 8 ஸ்டார்ட் பொத்தானை எடுத்துவிட்டது, மறுபடியும் ஜனங்கள் 7க்கு ஓடினார்கள். அடுத்த ஆண்டே 8.1 பதிப்பில் அந்தப் பொத்தான் திரும்பி வந்தது. ஆக, திரும்பியது நாம் மட்டுமில்லை, அந்தக் கம்பெனியும்தான்.

இனி தமிழக அரசின் கதை. இதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உலகம் கவனித்த ஒரு முயற்சி இங்கே நடந்தது.

2005ல் சென்னையில் கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையம் தொடங்கப்பட்டது. சி-டாக் சென்னை மையமும் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏ.யூ.-கே.பி.சி. ஆய்வு மையமும் சேர்ந்து நடத்தின. அங்கிருந்து 2007ல் பாஸ் லினக்ஸ் வெளிவந்தது. பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கம். டெபியன் என்ற லினக்ஸை அடித்தளமாக வைத்து, இந்திய மொழிகளில் பயன்படுத்தும்படி செய்தது. அதே காலத்தில் தமிழக அரசின் எல்காட் நிறுவனத்துக்கு நிர்வாக இயக்குநராக இருந்த ஐ.ஏ.எஸ். அதிகாரி சி. உமாசங்கர், எல்காட் அலுவலகக் கணினிகளையே விண்டோஸிலிருந்து சூசே லினக்ஸுக்கு மாற்றிக் காட்டினார். பள்ளிகளுக்கு வாங்கிய ஆயிரக்கணக்கான கணினிகளும் லினக்ஸோடு வந்தன.

பாடப்புத்தகத்திலும் அந்தக் காற்று வீசியது. அந்நாளைய பிளஸ் 2 கணினி அறிவியல் புத்தகத்தைப் படித்தவர்களுக்கு ஸ்டார் ஆபீஸ் ஞாபகம் இருக்கும். ஊரெல்லாம் எம்.எஸ். வேர்டு அடித்துக்கொண்டிருக்க, நம் பிள்ளைகள் ஸ்டார் ஆபீஸ் ரைட்டர், கால்க் என்று மனப்பாடம் செய்தார்கள். தேர்ச்சி விகிதத்தில் பெயர் வாங்கிய மாவட்டம் எங்கள் விருதுநகர். மதிப்பெண்ணுக்குக் குறைவே இல்லை. ஆனால் பள்ளி முடிந்து டைப்பிங் சென்டருக்குப் போனால் அங்கே எம்.எஸ். ஆபீஸ். வேலைக்கு மனுப்போட்டால் அங்கேயும் எம்.எஸ். ஆபீஸ். படித்தது ஒன்று, பிழைப்பு கேட்டது இன்னொன்று.

அப்புறம் வந்தது 2011. செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாள். திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் முதலமைச்சர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் பிளஸ் 2 பிள்ளைகளுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் மடிக்கணினி. அதில் விண்டோஸ், பாஸ் லினக்ஸ் இரண்டுமே இருந்தன. பொத்தானை அழுத்தினால் முதலில் ஒரு பட்டியல் வரும். எதற்குள் போவது என்று பிள்ளையே முடிவு செய்யலாம். லட்சக்கணக்கான வீடுகளில் ஒரே பெட்டிக்குள் இரண்டு இயங்குதளம். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளில் பாதிப் பேர் வீட்டில் அதுதான் முதல் கணினி. தாயார் தீப்பெட்டி ஒட்டப் போவார், தகப்பனார் பட்டாசு ஆலைக்குப் போவார், வீட்டுக்குள் இரண்டு இயங்குதளத்தோடு ஒரு மடிக்கணினி உட்கார்ந்திருக்கும். இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

'பாஸ் என்கிற பாஸ்கரன்' படம் வந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. அதனால் பாஸ் என்ற பெயரே வகுப்பில் ஒரு வேடிக்கை. ஆனால் சூட்டிகையான சில பிள்ளைகள் அதற்கு ஓர் உபயோகம் கண்டுபிடித்தார்கள். அந்தக் காலத்தில் பென்டிரைவ் மூலமாக ஒரு வைரஸ் பரவும். உங்கள் கோப்புறைகளை ஒளித்துவைத்துவிட்டு, அதே பெயரில் போலிக் குறுக்குவழிகளை உண்டாக்கும். விண்டோஸில் அதைத் தொட்டால் தொற்றிக்கொள்ளும். பாஸில் அது செயல்படாது. அதனால் பிள்ளைகள் பாஸுக்குள் போய், பென்டிரைவைச் செருகி, ஒளிந்திருக்கும் கோப்புறைகளைக் கண்டுபிடித்து, வைரஸ் கோப்பை அழித்துவிட்டு, மறுபடி விண்டோஸுக்கு வந்துவிடுவார்கள். யாரும் பாடமாக நடத்தவில்லை. ஒரு பையன் கற்றுக்கொண்டு பத்துப் பேருக்குச் சொன்னான்.

ஆனால் பெரும்பாலான மடிக்கணினிகளில் பாஸ் ஓராண்டு கூடத் தங்கவில்லை. விண்டோஸ் மெதுவானதும் பிள்ளை அதைப் பக்கத்து ஊர்க் கடைக்குக் கொண்டுபோகும். கடைக்காரர் கையில் இருக்கும் ஏதோ ஒரு விண்டோஸ் சி.டி.யைப் போட்டுப் புதிதாக நிறுவித் தருவார். உரிமம் எல்லாம் கேட்கக் கூடாது. வீட்டுக்கு வந்து பார்த்தால் அந்தப் பட்டியல் வராது, நேராக விண்டோஸ்தான். "பாஸ் அழிஞ்சு போச்சு" என்பார்கள்.

பல சமயம் அது அழிந்திருக்காது என்பதுதான் வேடிக்கை. விண்டோஸை மறுபடி நிறுவும்போது, வட்டின் முதல் பகுதியில் இருக்கும் தொடக்க நிரலை அது தன்னுடையதாக மாற்றி எழுதிவிடும். பாஸ் வட்டில் அப்படியே கிடக்கும், அதற்குப் போகும் வாசல் மட்டும் அடைபட்டிருக்கும். திரும்பத் திறக்கும் வழியைச் சொல்லித்தர ஊரில் ஆள் இல்லை. அரசு பெட்டியைக் கொடுத்தது. பெட்டிக்குள் இருந்ததைத் தெருவில் நாலு பேர் தெரிந்துவைத்திருக்கும்படி செய்வதற்கு ஏற்பாடு போதவில்லை. என் ஆதங்கம் அதுதான்.

2014 ஏப்ரல் 8ல் எக்ஸ்பிக்கான ஆதரவு முடிந்தபோது மறுபடி ஒரு வாய்ப்பு வந்தது. எக்ஸ்பி இருந்த இடத்தில் பாஸ் லினக்ஸ் நிறுவலாம் என்று தமிழக அரசின் தகவல் தொழில்நுட்பத் துறை மற்றத் துறைகளுக்கு அறிவுறுத்தியது. எனக்குத் தெரிந்த அலுவலகங்களில் என்ன நடந்தது என்றால், எக்ஸ்பி எழுந்த நாற்காலியில் விண்டோஸ் 7 உட்கார்ந்தது. சில இடங்களில் எக்ஸ்பி எழுந்திருக்கவே இல்லை. காரணம் மறுபடியும் எழுத்துதான். அரசு அலுவலகங்களின் கடிதங்களும் பதிவுகளும் ஆண்டுக்கணக்கில் வானவில் எழுத்துருவில் அடிக்கப்பட்டவை. 2010 ஜூன் 23ல், கோவை செம்மொழி மாநாடு தொடங்கிய நாளில், யூனிகோடும் டேஸ்16 குறியேற்றமும்தான் இனித் தரம் என்று அரசாணை வந்தது. ஆணை வந்தாலும் பழைய கோப்பு தானாக மாறுமா? நேற்றைய கடிதத்தை எடுத்துத் தேதியை மாற்றி இன்றைய கடிதமாக்கிப் பழகிய கைக்கு, பழைய எழுத்துரு வேலை செய்யும் கணினிதான் நல்ல கணினி.

இது நமக்கு மட்டும் நேர்ந்ததா? இல்லை. ஜெர்மனியில் மியூனிக் மாநகராட்சி 2003ல் லினக்ஸுக்கு மாற முடிவெடுத்தது. மைக்ரோசாஃப்டின் தலைவர் ஸ்டீவ் பால்மரே நேரில் போய்ப் பேசிப் பார்த்தார். அவர்கள் கேட்கவில்லை. பத்தாண்டு உழைத்து, 2013ல் சுமார் 15,000 கணினிகளை மாற்றி முடித்தார்கள். 2017ல் அதே மாநகராட்சி விண்டோஸுக்கே திரும்புவது என்று வாக்களித்தது. 2020ல் புதிய கூட்டணி வந்து, முடிந்த இடமெல்லாம் திறந்த மென்பொருள்தான் என்று ஒப்பந்தம் போட்டது. பணக்கார நகரமே இப்படி ஊஞ்சல் ஆடியிருக்கிறது.

ஆடாமல் நின்ற ஊர் நம் பக்கத்திலேயே இருக்கிறது. கேரளம். 2001ல் ஐ.டி. அட் ஸ்கூல் திட்டத்தை விண்டோஸோடுதான் தொடங்கினார்கள். சில ஆண்டுகளில், ஆசிரியர் அமைப்புகளும் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்களும் வற்புறுத்த, லினக்ஸுக்கு மாறினார்கள். இன்றுவரை திரும்பவில்லை. அந்தத் திட்டம்தான் 2017ல் கைட் என்ற நிறுவனமாக ஆனது. அவர்கள் செய்தது என்ன? ஆசிரியர்களுக்குப் பெரிய அளவில் பயிற்சி கொடுத்தார்கள். பாடப்புத்தகத்தை அதை வைத்தே எழுதினார்கள். பத்தாம் வகுப்புச் செய்முறைத் தேர்வையும் அதிலேயே நடத்தினார்கள். பயிற்சி, பாடம், தேர்வு மூன்றும் ஒரே பக்கம் இழுத்தன. நம்மிடம் பாடம் ஒரு பக்கம், பிழைப்பு ஒரு பக்கம், எழுத்துரு மூன்றாவது பக்கம் இழுத்தது.

2018ல் வந்த நம் புதிய பதினோராம் வகுப்புப் புத்தகத்தில் விண்டோஸுக்கு ஒரு பகுதி, உபுண்டு லினக்ஸுக்கு ஒரு பகுதி என்று இரண்டையும் வைத்தார்கள். இது நல்ல முடிவு. ஒன்றை மட்டும் தெரிந்தவனுக்கு மாற்றம் பயம். இரண்டைத் தெரிந்தவனுக்கு அது இன்னொரு பஸ் பிடிக்கிற மாதிரி.

சரி, இப்போது கேள்விக்கு வருகிறேன். என்னால் முடிந்த பதில்கள் இவை.

1. விண்டோஸ் 7க்குத் திரும்பாதீர்கள். 2020 ஜனவரி 14க்குப் பிறகு அதற்குப் பொதுவான பாதுகாப்புத் திருத்தங்கள் கிடையாது. 2017 மே மாதம் வானாக்ரை வைரஸ் உலகத்தைப் பிடித்து ஆட்டியபோது, ஆதரவு முடிந்து மூன்றாண்டு ஆன எக்ஸ்பிக்கே மைக்ரோசாஃப்ட் அவசரமாக ஒரு திருத்தம் தர வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் அப்படித் தருவார்கள் என்று நம்ப முடியாது. அச்சகத்தில் பழைய பேஜ்மேக்கருக்காக எக்ஸ்பியோ 7ஓ வைத்தே ஆக வேண்டுமென்றால், அந்தக் கணினிக்கு இணைய இணைப்பைக் கொடுக்காதீர்கள்.

2. விண்டோஸ் 11க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், ஓரளவு புதிய பிராசஸரும் வேண்டும். இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்கு மேல். உங்கள் கணினி ஏற்றுக்கொண்டால் மாறுங்கள். மாறிப் பிடிக்கவில்லை என்றால் செட்டிங்ஸில் ரெகவரி பகுதிக்குப் போய்ப் பழையதற்குத் திரும்பலாம். ஆனால் பொதுவாக அந்த வாசல் பத்து நாள்தான் திறந்திருக்கும். அதற்குள் உங்கள் பிரிண்டர், டேலி, தமிழ்த் தட்டச்சு எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

3. விண்டோஸ் 10லேயே இருப்பவர்கள், நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புக்குப் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை தவணை உண்டு. அது யோசிக்கக் கிடைத்த அவகாசம், அவ்வளவுதான்.

4. 11 ஏறாத பழைய கணினியைக் காயலான் கடைக்குப் போடுமுன், ஒரு லினக்ஸைப் பென்டிரைவில் ஏற்றி, நிறுவாமலே ஓட்டிப் பாருங்கள். வட்டில் எதுவும் மாறாது. பிடித்தால் நிறுவுங்கள், பிடிக்காவிட்டால் பென்டிரைவைப் பிடுங்கிவிடுங்கள். தமிழிலேயே படிக்க வேண்டுமென்றால் 2012 முதல் கணியம் இதழ் இதைப் பற்றியெல்லாம் எழுதிவருகிறது.

5. எது செய்தாலும் அதற்கு முன், பழைய எழுத்துருவில் இருக்கும் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றுங்கள். என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற இலவச மாற்றிகள் இருக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகமும் இதற்கான கருவிகளைத் தருகிறது. மாற்றியபின் ஒருமுறை வாசித்துப் பாருங்கள், ஒகரமும் ஔகாரமும் சில இடங்களில் உதைக்கும்.

ஐந்தாவதை நான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். ஏனென்றால் போகிற உரிமையும் திரும்புகிற உரிமையும் அதில்தான் இருக்கிறது. யூனிகோடில் அடித்த கோப்பு விண்டோஸ் 11, பாஸ், உபுண்டு, கைப்பேசி எல்லாவற்றிலும் தமிழாகவே திறக்கும். பாமினியில் அடித்தது அந்த எழுத்துரு இருக்கும் கணினியில் மட்டும்தான் தமிழ்.

எங்கள் பக்கத்தில் எத்தனையோ ஊர்களின் கோயில் கும்பாபிஷேக மலர்கள், பள்ளி ஆண்டு மலர்கள், சங்க வரவு செலவு, உள்ளூர்க் கவிஞர்களின் தொகுப்புகள் 1995 முதல் 2010 வரை இப்படித்தான் தட்டச்சு ஆகியிருக்கின்றன. அச்சான பிரதி கரையான் அரித்துப் போயிருக்கும். கோப்பு ஏதோ ஒரு சி.டி.யில், யாரோ ஒருவர் பரணில் கிடக்கும். கல்வெட்டைப் படிக்கத் தெரிந்த நமக்கு, 20 வருசத்துக்கு முந்தைய நம் சொந்த எழுத்தைப் படிக்க முடியாமல் போனால் அது என்ன கணக்கு?

அப்படிப்பட்ட சி.டி., ஃப்ளாப்பி, பழைய ஹார்டு டிஸ்க் வைத்திருப்பவர்கள், முக்கியமாக டி.டி.பி. கடை நடத்தியவர்கள், தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மல்லாங்கிணறு, காரியாபட்டி, விருதுநகர் சுற்று வட்டாரத்தில் யாரிடமாவது இருந்தால் கீழே எழுதுங்கள். கோப்பைத் திறந்து யூனிகோடுக்கு மாற்ற என்னால் ஆன உதவியைச் செய்கிறேன். ஓய்வு பெற்றவனுக்கு நேரம் நிறைய இருக்கிறது.